சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

மேல்கொல்லை, ஆலங்காயம் வழி
10-8-2025

அன்புள்ள அம்சவேணி,

நான் சாமிநாதன். உன் வீட்டுக்காரன். இதை எழுதுவது நானேதான்.

இங்கே நானும் இரண்டு ஆடும் சுகம். கோயம்புத்தூரில் நீ, மகள் பூர்ணிமா, மாப்பிள்ளை, பேத்தி ஹரிணி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

இவ்வளவு எழுத மூன்று சாயங்காலம் ஆயிற்று. "போன் பண்ணா ஒரு நிமிஷம் தாத்தா" என்று எங்கள் முதியோர் வகுப்பு பிரிசில்லா டீச்சர் சொன்னார். போனில் பேசினால் வைத்ததும் தீர்ந்துபோகிறது. இதை நீ மடித்து வைக்கலாம்.

நேற்று ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லா பஸ் போர்டையும் படித்தேன். எங்கேயும் போகவில்லை. படித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷம். உன் பெயரை இன்றுதான் எழுதுகிறேன். ஐந்து எழுத்து. பார்க்க நன்றாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கையெழுத்து,
சாமிநாதன்
(கைநாட்டு இல்லை)


கோயம்புத்தூர்
24-8-2025

மாமாவுக்கு அம்சவேணி எழுதுவது,

எல்லோரும் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களா?

கடிதம் வந்தது. பூர்ணிமா சிரித்தாள். மாப்பிள்ளை அதைப் போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினார். நான் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பூர்ணிமா வேலைக்குப் போய்விடுகிறாள். ஹரிணியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. ஆட்டுக்குத் தழை போட மறக்க வேண்டாம்.

சங்கத்தில் என்ன விசேஷம்? எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று எதிலும் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

அம்சவேணி


மேல்கொல்லை
14-9-2025

அன்புள்ள அம்சவேணி,

நானும் ஆடுகளும் நலமே. எண்ணெய் தேய்க்கிறேன். உங்கள் எல்லோர் நலத்துக்கும் எழுதுக.

எனக்கு ஒரு கனவு வந்தது. மூன்று நாள் தொடர்ந்து அதே கனவு.

ரோட்டோரம் நம் செருப்புத் தொழிலாளர் சங்கத்து மனை முப்பது சென்ட் சும்மா கிடக்கிறதே, அங்கே ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் ஜன்னல். எண்ண முடியாத அளவு ஜன்னல். வெளிச்சம் உள்ளே வந்து பாய் விரித்தது போல் படுத்திருந்தது. சங்கத்து ஆட்கள் ஐம்பத்தெட்டுப் பேரும் அங்கே உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறார்கள். எல்லா ஊசியும் ஒன்றாக மேலே போய் மின்னியது. ஏரியில் கெண்டை மீன் திரும்புவது போல. யாரும் வீட்டு வாசற்படியில் குனிந்து உட்கார்ந்து ஊசித் துளையைத் தேடவில்லை. ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெட்கப்பட்டுப் போய்விட்டது.

என்னை ஏன் சங்கத் தலைவர் ஆக்கினார்கள் என்று உனக்குத் தெரியும். மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் சண்டை. இரண்டுக்கும் பொதுவான ஆள் வேண்டும். படிக்கத் தெரியாதவனாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வருஷமாக வைக்கச் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தேன். ஒரு நாளும் நானாக ஒன்றும் சொன்னதில்லை. இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது.

ஆம்பூர் போய் தபரேஸ் பாயைப் பார்த்தேன். கம்பெனிகளுக்கு மேல்தோல் தைத்து வாங்கிக் கொடுக்கிறாரே, அவர்தான். "நல்ல வெளிச்சம், ஒரே எடம், உக்காந்து தைக்க ஆளு, இது மூணும் இருந்தா வேலைய நேரா உங்க கைல தர்றேன். நடுவுல எவனும் வேணாம் தோஸ்த்" என்றார்.

செயலாளர் நாகேந்திரனிடம் சொன்னேன். "தலைவரே, அந்த மனைக்கு ஒரு வியாபாரி வந்துருக்காரு. கெடங்கு போடப் போறாரு. பொங்கலுக்குள்ள வூட்டுக்கு ஒரு மிக்ஸி. ஜனங்க மிக்ஸியத்தான் கேக்கும், உங்க கனவ இல்ல" என்றான்.

கனவை மிக்ஸியில் போட்டால் என்ன ஆகும் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அன்புடன்,
சாமிநாதன்


கோயம்புத்தூர்
2-10-2025

மாமாவுக்கு,

நாங்கள் சுகம். அங்கே மழை உண்டா? கூரையில் அந்த உடைந்த ஓட்டை மாற்றினீர்களா?

கனவை எல்லாம் ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். கிழவனுக்குப் படிப்பு ஏறிப் பித்துப் பிடித்துவிட்டது என்பார்கள். நாகேந்திரன் கெட்டவன் இல்லை. பத்து வருஷமாக அந்த மனையில் முள்தான் முளைக்கிறது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பழைய சமாச்சாரம் எதையும் கிளற வேண்டாம்.

அந்தக் கனவில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?

அம்சவேணி


மேல்கொல்லை
26-10-2025

அன்புள்ள அம்சவேணி,

ஓடு மாற்றிவிட்டேன். தீபாவளிக்குத் தம்பி மகள் சம்பூர்ணம் வீட்டில் சாப்பிட்டேன். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே?

டீச்சர் கொடுத்த புத்தகம் முடிந்துவிட்டது. படிக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. சங்கத்து பீரோவைத் திறந்து கோப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். கதைப் புத்தகம் போல நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் ஒரு தாள். "மேற்படி மனையை ஒன்பது ஆண்டுகளுக்குத் தோல் கழிவுக் கிடங்கு அமைக்கக் குத்தகைக்கு விட, தலைவராகிய நான் சம்மதிக்கிறேன். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டது." அதன் கீழே ஒரு நீலப் பொட்டு. ரேகை இல்லை. மொழுக்கென்று இருந்தது.

முப்பத்தாறு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் கையை விட்டவன் நான். ரேஷன் கடை மெஷினில் என் விரல் விழுவதில்லை. ரேகையைச் சுண்ணாம்பு எப்போதோ தின்றுவிட்டது. ரேகை இல்லாத பொட்டு இந்த ஊரில் யாருடையது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

போன வருஷம் பங்குனி மாதம் நாகேந்திரன் வீட்டுக்குக் கொண்டுவந்த தாள் அது. நீ வாங்கிப் பார்த்தாய். "வேலி போடறதுக்குத்தான் மாமா. வைங்க" என்றாய். வைத்தேன்.

அம்சவேணி, அன்று நீ அதில் என்ன படித்தாய்? ஞாபகம் இருந்தால் எழுது. கோபமாகக் கேட்கவில்லை.

சாமிநாதன்


மேல்கொல்லை
23-11-2025

அன்புள்ள அம்சவேணி,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஐம்பது நாள் ஆகிறது. போனில் பூர்ணிமா "அம்மா தூங்குது" என்கிறாள். நீ பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பொதுக்குழு ஜனவரி பதினொன்றாம் தேதி. அன்று கை தூக்கிக் கிடங்கு என்று சொல்லிவிட்டால் ஒன்பது வருஷம். எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிவிடும். அந்த நாற்றத்தில் கனவு எப்படி வரும்?

நாகேந்திரனிடம் தாளைக் காட்டினேன். அவன் ஒளிக்கவில்லை. "நான் அக்கா கைலதான குடுத்தேன்? படிச்சுட்டுதான குடுத்தாங்க?" என்றான். பிறகு மெதுவாக, "இதுக்குப் போயி இன்னா பேஜாரு தலைவரே? உங்களுக்குப் புடிக்கலன்னா என் கைநாட்டு இல்லன்னு சொல்லிடுங்க. ரேகையே இல்ல. எவன் நிரூபிப்பான்?" என்றான். அவனுக்கு என் மேல் பாசம்தான். தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டினேன். நோட்டில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி, "நமது சங்கத்தின் எதிர்காலம்." எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

"பெரியப்பா, நீ எதிர்காலம்னு படிச்சு முடிக்கறதுக்குள்ள எதிர்காலமே வந்துடும் போல கீதே" என்றாள் சம்பூர்ணம். தூங்கியவர்களும் எழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் விடவில்லை. "கூடம் கூடம்ன்ற. சரி, அதுல நான் எங்க உக்காருவேன்? அதைச் சொல்லு மொதல்ல."

ஜன்னலை எல்லாம் கனவு கண்டேன். சம்பூர்ணம் உட்காரும் இடத்தைப் பார்க்கவில்லை. நீயும் அதையேதான் கேட்டிருந்தாய். வீட்டுக்கு வந்து நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

இன்னொன்று. பால் கணக்கு எழுதிய உன் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் எழுத்து வலது பக்கம் சாய்ந்து, நடந்து போகிற மாதிரி இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வருகிற எழுத்து நேராக நிற்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கிற ஹரிணியை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டுமா?

யார் எழுதினாலும் பரவாயில்லை. ஒரு வரி வரட்டும்.

சாமிநாதன்


கோயம்புத்தூர்
7-12-2025

மாமாவுக்கு,

இது என் கை. வரி மேலே ஏறி இறங்குகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். முன்னால் வந்த இரண்டும் ஹரிணி எழுதியது. நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருஷமாகச் சின்ன எழுத்து தெரியாது. ஊசித் துளையை விரலால் தடவித்தான் தைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நம் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான். கரன்ட் பில், மாத்திரைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அது எனக்குப் பிடிக்கும். அது போய்விடும் என்று பயந்தேன்.

அந்தத் தாளில் மேலே பெரிய எழுத்தில் மனை என்று இருந்தது மட்டும் தெரிந்தது. மனை என்றால் வேலியாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துச் சொல்லிவிட்டேன். படிக்கவே இல்லை மாமா.

நீங்கள் வகுப்பில் சேர்ந்த அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் பூர்ணிமாவுக்குப் போன் செய்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

வலது கண் ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. கட்டு அவிழ்த்ததும் தலையணை உறையிலிருந்து உங்கள் முதல் கடிதத்தை எடுத்து நானே படித்தேன். என் பெயரைக் கோணலாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

பொதுக்குழுவில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அம்சவேணி படித்துச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

அம்சவேணி


மேல்கொல்லை
12-12-2025

அம்சவேணி,

கண்ணில் தண்ணீர் படக் கூடாதாம். டீச்சர் சொன்னார். அதனால் இதைப் படிக்கும்போது அழாதே.

நான் நாற்பத்து நாலு வருஷமாக உன் வாயைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

உன்னை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்று இப்போது எனக்குத் தெரியும். மற்றவை பிறகு.

சாமிநாதன்


மேல்கொல்லை
28-12-2025

அன்புள்ள அம்சவேணி,

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா? கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேனே, எங்கே?

இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்கினேன். நாலு நாளாக மனையில் முள்ளை வெட்டினேன். பிறகு கயிறு பிடித்துக் கோடு போட்டேன். வளையாமல் போட்டேன். சுண்ணாம்பு என் கைக்குத் தெரிந்த பண்டம். அது என் ரேகையைத் தின்றது. ஒரு வேலையாவது திருப்பிச் செய்யட்டும். நாலு சுவர். இந்தப் பக்கம் பன்னிரண்டு ஜன்னல், அந்தப் பக்கம் பன்னிரண்டு. உள்ளே ஆளுக்கு ஒரு கட்டம், ஐம்பத்தெட்டு கட்டம். ஒவ்வொன்றிலும் பெயர். பெயர் எழுதத்தான் நேரம் ஜாஸ்தி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் வரச் சொன்னேன். நோட்டைக் கொண்டு போகவில்லை.

முதலில் அந்தத் தாளைக் காட்டினேன். "இதுல இருக்கறது என் பெருவெரல். ரேகை இல்லன்னு ஒருத்தன் தப்பிச்சுக்கலாம். நான் தப்பிக்கல. இன்னா எழுதிருக்குன்னு தெரியாம வெச்சேன். தெரியாம வெச்சது என் தப்பு. இனிமே இந்த ஆளு தலைவரா வேணாம்னா அதையும் பொதுக்குழு அன்னிக்கே சொல்லிடுங்க" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நாகேந்திரன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவனும் சொல்லவில்லை.

எதிர் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. "சரி, அவங்கவங்க பேரு இருக்கற எடத்துல போய் உக்காருங்க" என்றேன்.

"இன்னா தலைவரே, பேய் வூடா? செவுரே காணோம்!" என்றான் நாகேந்திரன். சிரித்துக்கொண்டே போனார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் பெயரைப் படித்துக் காட்டினேன். நான், அம்சவேணி! நான் படித்துக் காட்டினேன்.

உட்கார்ந்ததும்தான் சண்டை ஆரம்பித்தது.

"ரோட்டுப் பக்கம் வாசல் வெச்சுருக்கியே பெரியப்பா, புழுதி பூரா தோல்ல வந்து ஒக்காராதா?" என்றாள் சம்பூர்ணம். வாசலை அழித்துக் கிழக்கே போட்டேன். "குழந்தைய எங்க தூங்க வெக்கறது?" என்று ஒரு குரல். மூலையில் ஒரு தூளிக்கு இடம் விட்டேன். மேல்தெருவும் கீழ்த்தெருவும் தனித்தனியாக உட்காரப் போட்டிருந்தேன், சண்டை வேண்டாம் என்று. அதை அவர்களே மாற்றிவிட்டார்கள். நன்றாகத் தைக்கிறவள் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். கக்கூஸ் எங்கே என்று கேட்டார்கள். இருபத்து நாலு ஜன்னல் கனவு கண்டவனுக்கு ஒரு கக்கூஸ் தோன்றவில்லை பார்.

மத்தியானம் வரை கோடு அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் என் கனவில் பார்த்த கூடம் அங்கே இல்லை. வேறு ஒன்று இருந்தது. அது இன்னும் அழகாக இருந்தது.

ஆனால் போகும்போது ஒருத்தி, "மிக்ஸி பொங்கலுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று நாகேந்திரனைக் கேட்டாள். அதுவும் என் காதில் விழுந்தது.

உன் கட்டம் தெற்கு வரிசை, மூன்றாவது ஜன்னல். எல்லா ஜன்னலிலும் அங்கேதான் வெளிச்சம் அதிகம்.

சாமிநாதன்


கோயம்புத்தூர்
3-1-2026

மாமாவுக்கு,

கண்ணாடி போட்ட போட்டோவை ஹரிணி அனுப்பினாள். சினிமாக்காரி போல இருக்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்கிறார். இடது கண்ணுக்கு எட்டாம் தேதி ஆபரேஷன். பொதுக்குழுவுக்கு என்னால் வர முடியாது. என் ஒரு கை குறையும். அது எனக்கு உறுத்துகிறது.

என் பெயரை நீங்கள் சொல்லாததும் உறுத்துகிறது. வந்ததும் நானே சொல்வேன்.

தெற்கு ஜன்னல் எனக்கு வேண்டாம். தைக்கிறவர்களைக் கேட்காமல் நீங்களாகப் போட்டிருக்கிறீர்கள். மத்தியானம் வெயில் நேராக விழுந்தால் நூல் மினுங்கும், கண் கூசும். வடக்கே மாற்றுங்கள். சம்பூர்ணத்துக்குப் பக்கத்தில். அவள் வாய் ஓயாது. நேரம் போவது தெரியாது.

அம்சவேணி


மேல்கொல்லை
12-1-2026

அன்புள்ள அம்சவேணி,

இரண்டாவது கண்ணும் நல்லபடி ஆனது கேட்டு ஆடுகளுக்குக் கூட ஒரு கைப்பிடி உளுந்துப் பொட்டு அதிகம் வைத்தேன். உன்னை வடக்கே மாற்றிவிட்டேன்.

மாற்றின மறுநாள் மழை. இந்த மாதத்தில் யார் எதிர்பார்த்தார்கள்? வெள்ளி, சனி இரண்டு நாளும் பெய்தது. நேற்று விடிந்ததும் குடையோடு ஓடினேன். சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, ஐம்பத்தெட்டு பெயரும் இல்லை. பால் தெளித்தது போல் அங்கங்கே வெள்ளையாகச் சேறு. மூட்டையில் தூளும் இல்லை. சரி, முடிந்தது என்று நடு மனையில் நின்றுகொண்டிருந்தேன். பொதுக்குழு பத்து மணிக்கு. வியாபாரியின் ஆள் ரோட்டோரம் ஒரு மேஜை போட்டு மாதிரிக்கு ஒரு மிக்ஸியை வைத்தான். ஆரஞ்சு நிறம். அழகாகத்தான் இருந்தது.

முதலில் சம்பூர்ணம் வந்தாள். ரோட்டிலிருந்து நான் நின்ற இடத்துக்குக் குறுக்கே வந்தால் ஐம்பது அடி. அவள் அப்படி வரவில்லை. மேற்குப் பக்கமே நடந்து, மூலை திரும்பி, கிழக்கே சுற்றிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டாள். வெறும் காலோடு சேற்றில் நாலு எட்டு வைத்து வந்து, தன் இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள்.

"இன்னா பெரியப்பா பாக்கற?" என்றாள்.

நான் குடையை மடக்கினேன்.

ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள். வாசலே இல்லாத வாசலில் செருப்பு குவிந்தது. ஊருக்கே செருப்புத் தைக்கிறவர்கள், அம்சவேணி. ஐம்பது ஜோடிக்கு மேல் இருக்கும்.

நாகேந்திரன் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு ரோட்டிலிருந்து நேராக வந்தான். நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். "ஏம்பா, செவுத்துமேல ஏறி வர்றியே!" அவன் ஒரு காலைத் தூக்கிய மேனிக்கு நின்றான். கீழே பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் காலைப் பின்னால் எடுத்துவிட்டான். திரும்பி, சுற்றிக்கொண்டு வந்தான். செருப்பையும் கழற்றினான்.

கை தூக்கச் சொன்னார்கள். கூடத்துக்கு நாற்பத்தொன்று. கிடங்குக்குப் பதினைந்து. தலைவர் கை தூக்கக் கூடாதாம், சமமாக வந்தால்தான் தூக்கலாமாம். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாகேந்திரன் எண்ணிவிட்டு இன்னொரு தடவை எண்ணினான். பிறகு தாளை என்னிடம் நீட்டினான். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க தலைவரே. மெதுவா படிங்க. நான் நிக்கறேன்."

மெதுவாகத்தான் படித்தேன். எல்லா வரியும் படித்தேன். அவன் நின்றான்.

சங்கத்தில் இருக்கிற பணத்துக்குத் தகரக் கூரை வரும். சுவர் நாம்தான் எழுப்ப வேண்டும். தபரேஸ் பாய் தை மாதம் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். வேலை இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். இதைக் கேள். மிக்ஸி வேண்டும் என்று கை தூக்கிய பதினைந்து பேருக்கும் என் மேல் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்களும் கிழக்குப் பக்கம் போய்த்தான் வெளியே போனார்கள்.

நீ அடுத்த வாரம் வருகிறாய் என்று பூர்ணிமா சொன்னாள். பஸ் மனைக்கு எதிரிலேயே நிற்கும். நான் உள்ளே உன் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்த்ததும் குறுக்கே நடந்து வந்துவிடாதே. சுற்றிக்கொண்டு வா. வாசல் கிழக்கே இருக்கிறது.

சாமிநாதன்